மிஷினுக்கு எடுத்து வைத்த பணம்

மெட்ராஸிலிருந்து அண்ணன் மணியார்டரில் முப்பது ரூபாய் அனுப்பியிருந்தார். கூப்பனில், "இனி அங்கே தனியாக இருக்க வேண்டாம். புறப்பட்டு வா. எழும்பூருக்கு வந்து கூட்டிப் போகிறேன்" என்று எழுதியிருந்தது.

அப்போது நான் இராமநாதபுரத்தில் ஒரு வரிசை வீட்டில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன். கணவர் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அவர் ஜவுளிக்கடை வாசலில் உட்கார்ந்து தைத்த கால் மிஷின் இருந்தது. அதில் ரவிக்கையும் தலையணை உறையும், பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் பிள்ளைகளின் சட்டையும் தைத்து வாடகை கொடுத்து வந்தேன். வீட்டுச் சொந்தக்காரர் அந்த வரிசையை இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னார். வேறு வீடு தேடிப் போய் விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. யாரிடமும் எதையும் கேட்பது சின்ன வயதிலிருந்தே எனக்கு வராது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அந்த எட்டு வருஷத்திலும் ஒரு சந்தேகம்கூட எழுந்து நின்று கேட்டதில்லை.

மெட்ராஸ் போவதில் எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். அண்ணன் வீட்டில் சோற்றுக்குக் குறை இருக்காது. ஆனால் சோற்றுக்கு மேலே வருகிற சில்லறைத் தேவைகள் ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் முன்னால் போய் நிற்க வேண்டும். மிஷின் கூட வந்தால் நிற்க வேண்டாம். பெரிய ஊர், நாலு ரவிக்கையாவது வராமலா போகும்? அதனால் நான் ஊரை விட்டுப் போவதைப் பற்றி யோசித்ததெல்லாம் மிஷினைக் கொண்டு போவதைப் பற்றித்தான்.

மேலவீட்டு அக்காவின் வீட்டுக்காரர் ஸ்டேஷன் பக்கம் போனவர் விசாரித்து வந்து சொன்னார்.

"டிக்கெட்டு பதினோரு ரூவா. அதுக்கு இம்புட்டுச் சாமான்னு சும்மா விடுவாக. மேல போச்சுன்னா நிறுத்துக் காசு வாங்குவாக. மிஷினு கடைசிப் பொட்டில, கார்டு வண்டில போகும். ஒரு எட்டு ரூவா வச்சுக்க."

மிஷினை மிதித்துக்கொண்டே மனதுக்குள் கணக்குப் போட்டேன். டிக்கெட்டுக்குப் பதினொன்று. மிஷினுக்கு எட்டு. ஸ்டேஷனுக்குக் குதிரை வண்டியும் கூலியும் இரண்டு. கோணியும் கயிறும் ஒன்று. வழியில் சாப்பிட ஒன்று. மிச்சம் ஏழு. அதில் இரண்டை ஆபத்துக்கு வைத்துக்கொண்டு ஐந்து ரூபாய்க்கு நூல்கண்டு, ஊசி, பொத்தான், மிஷின் எண்ணெய் வாங்கினால், போய் இறங்கிய மறுநாளே தைக்க உட்காரலாம். கட்டிலும் அண்டாவும் விற்றது பழைய வாடகைக்குச் சரியாகப் போயிற்று. என் சாமான் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை. அது டிக்கெட்டோடு சும்மா போய்விடும். இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டாலும் சரியாக வந்தது. எனக்கு அது ஆச்சரியமாகக்கூட இருந்தது.

கணக்கில் வராத ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் வெளியூர் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் கடன்பட்டு ஓடிவிட்டாள் என்பார்கள். சொன்னால், அந்த ஊரில் அவர்களுக்கு இருக்கிற சொந்தத்துக்கு ஏதாவது கொடுத்து விடுவார்கள். வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொன்னவரை நான் கண்டதில்லை.

முதலில் மேலவீட்டு அக்காவிடம் சொன்னேன்.

"ஏன்டி, மெட்ராஸுக்கா! எம் மக அங்கனதான இருக்கா. மாசமா வேற இருக்கா. கருப்பட்டி கொஞ்சந் தாரேன், குடுத்துரு."

கொஞ்சம் என்றது ஓலைப்பெட்டி நிறைய வந்தது. அக்காவும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத்தான் என் அறைக்குள் கொண்டுவர முடிந்தது.

எதிர்வீட்டு முஸ்லிம் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மகன் மெட்ராஸில் ஒரு கடையில் வேலை பார்த்தான். லாத்தா தங்கச்சிமடத்திலிருந்து வரவழைத்த சீலாக் கருவாட்டைக் கட்டி எடுத்து வந்தார்.

"வாடை வராதும்மா. ஓலையில சுத்தி, சாக்குல சுத்தி, அதுக்கு மேல என் பழைய சேலையையும் சுத்திருக்கேன்."

"நான் கருவாடு திங்கிறதில்ல லாத்தா" என்றேன். மறுப்பதற்கு எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

"நீ ஏம்மா திங்கணும்? தூக்குனாப் போதும்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மூட்டை உள்ளே வந்துவிட்டது.

அடுத்த தெரு வாத்தியார் வீட்டம்மா இராமேஸ்வரத்துத் தீர்த்தம் அடைத்து வாயைப் பூசி மூடிய செம்பைக் கொண்டு வந்தார். அது மெட்ராஸில் இருக்கிற அவருடைய தம்பிக்கு.

"தரையில வைக்கக் கூடாது, தெரிஞ்சுதா? மடியிலயே வச்சுக்க."

"தூங்குறப்ப?"

"ரயில்ல நீ எங்கன தூங்கப் போற?"

கடைசியாக மேலவீட்டு அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். "மகளுக்குப் பனங்கெழங்குன்னா உசுரு. நான் சந்தைக்குப் போக ஏலல. நீ போறப்ப ரெண்டு கட்டு வாங்கிக்க தாயி, காசு பெறகு தாரேன்." வாங்கினேன். ஒரு ரூபாய் ஆயிற்று.

'சாமான் கூடிப்போச்சு, எடை தாங்காது, வேற ஆளு போறப்பக் குடுத்து விடுங்க' என்று ஒரு வாக்கியத்தை நான் தயார் செய்து வைத்திருந்தேன். மிஷினை மிதிக்கும்போது அந்தச் சத்தத்துக்குள் வாய்விட்டே சொல்லிப் பார்ப்பேன். நன்றாகத்தான் வரும். வாசலில் ஆள் வந்து நின்றதும், "அந்த ஓரமா வச்சுட்டுப் போங்க" என்றுதான் வாயில் வரும். புறப்படுகிற அன்று அறையில் என் சாமான் எது என்று தேட வேண்டியிருந்தது. மிஷினைச் சுற்றி மூட்டைகளாகக் கிடந்தன. கடைசியாகத் தைத்த ரவிக்கையில் கருவாட்டு வாடை ஏறிவிட்டது என்று அதற்குரியவள் கூலியில் பாதியைக் குறைத்துக்கொண்டாள்.

ஒரு வண்டி போதாமல் இரண்டு வண்டி வைத்து, ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் மூன்று ரூபாய் செலவாகிவிட்டது. டிக்கெட், கோணி, பனங்கிழங்கு எல்லாம் போகக் கையில் பதினாலு ரூபாய் இருந்தது. வழியனுப்ப எல்லோரும் வந்திருந்தார்கள். அக்கா, அவர் வீட்டுக்காரர், லாத்தா, தீர்த்தச் செம்பைக் கையிலேயே பிடித்தபடி வாத்தியார் வீட்டம்மா. வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வழியனுப்ப வராதவர்கள் நல்லவர்கள் இல்லை. இவர்கள் எல்லோரும் நல்லவர்கள்.

சாமான் நிறுக்கிற கிளார்க் மூட்டைகளைப் பார்த்து, "என்னம்மா, மெட்ராஸ்ல சந்தை போடப் போறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கணக்குப் போட்டார்.

"மிஷினோட சேத்து பதினஞ்சு ரூவா கட்டணும்."

என்னிடம் பதினாலு இருந்தது. வழியில் சாப்பிட வேண்டாம், நூல்கண்டும் வேண்டாம் என்று அந்தக் கணத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அப்படியும் ஒரு ரூபாய் குறைந்தது. பனங்கிழங்குக்கு எனக்கு வர வேண்டிய ஒரு ரூபாய் அக்காவின் வீட்டுக்காரரிடம் இருந்தது. அவர் எனக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று, வண்டி முந்தின ஸ்டேஷனைத் தாண்டியிருக்குமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். மறந்துபோனதற்கு வருத்தப்பட்டும் இருப்பார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, எண்ணி, திரும்ப முடிந்தேன். யாராவது என் முகத்தைப் பார்த்து, என்ன குறைகிறது என்று கேட்பார்கள் என்று நினைத்தேன்.

"காசு இல்லன்னா எதையாச்சும் எறக்கும்மா. வண்டி வர்ற நேரம்" என்றார் கிளார்க்.

எதை இறக்குவது? கருப்பட்டிக்கு உரியவர் நிற்கிறார். கருவாட்டுக்கு உரியவர் நிற்கிறார். தீர்த்தமோ தரையில் வைக்கவே கூடாதது. சொந்தக்காரர் அங்கே நிற்காத மாதிரி இருந்தது மிஷின் ஒன்றுதான்.

அக்காதான் வழி சொன்னார். "இதுக்கு ஏன்டி முழிக்கிற? மிஷினு கெட்டாப் போகும்? கெழங்கும் கருவாடும்னாக் கெட்டுப்போகும். மிஷினு ஏங்கிட்ட இருக்கட்டும். அடுத்தாப்ல யாராச்சும் மெட்ராஸ் போனாக் குடுத்து விடுறேன்."

"அதான் சரி" என்றார் லாத்தா. "பத்திரமா இருக்கும்மா. நான் சாட்சி."

எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். மிஷினை இறக்கி, வந்த வண்டியிலேயே திரும்ப ஏற்றினார்கள். மிச்ச மூட்டைகளுக்கு மட்டும் ஏழு ரூபாய் ஆயிற்று. கட்டினேன். கூட்டத்தில் யாரோ, "நல்லவேள, மிஷினுக்குன்னு காசு எடுத்து வச்சிருந்தா. இல்லாட்டி இதுக்கெல்லாம் எங்க போவா?" என்று சொன்னது காதில் விழுந்தது. என்னைப் பாராட்டித்தான் சொன்னார்கள்.

மானாமதுரை வரை தீர்த்தத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் நினைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு நினைக்க ஆரம்பித்தேன். யார், எந்த ஊருக்குப் போகிறவர், ஒரு கால் மிஷினைப் பொட்டலம் மாதிரி வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவார்?

எழும்பூரில் அண்ணன், "மிஷின் எங்க?" என்று கேட்டார். "பெறகு வரும்" என்றேன். அவர் மூட்டைகளைப் பார்த்தார். ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அந்த வாரம் முழுவதும் ஆட்கள் வந்து அவரவர் பொருளை வாங்கிப் போனார்கள். அக்காவின் மகள், "இங்க தெருமுக்குல கருப்பட்டி மலையாக் குமிஞ்சு கெடக்கு. எங்கம்மாவுக்கு வேற வேலை இல்ல, உங்களையும் போட்டுப் படுத்தியிருக்கு" என்று சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு சில்லை உடைத்து அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றையும் உடைத்தாள். லாத்தாவின் மகன், மூட்டையோடு எழும்பூரிலிருந்து வந்த பேருந்துச் செலவுக்கு என்று எனக்குச் சில்லறை கொடுக்க வந்தான். அதையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் நின்றேன். அண்ணன்தான் வேண்டாம் என்றார்.

மிஷின் வரவில்லை. அக்காவுக்கு ஒரு கார்டு எழுத வேண்டும். கார்டு வாங்கக் காசு வேண்டும். கொண்டு வந்த மிச்சம், வந்த முதல் மாசத்திலேயே அண்ணன் குழந்தை கையில் கொஞ்சம், கோயில் தட்டில் கொஞ்சம் என்று கரைந்திருந்தது. மதினியிடம் கேட்க மூன்று நாள் அடுக்களை நிலைப்படி வரை போய்ப் போய்த் திரும்பினேன். நாலாம் நாள் மதினியே திரும்பிப் பார்த்து, "என்னம்மா வேணும்?" என்றாள். சொன்னேன்.

"ஒரு கார்டுக்கா இத்தன நாளா நெலைப்படியத் தேய்ச்ச?" என்று சிரித்தாள். உடனே காசு கொடுத்தாள்.

கார்டு போட்டேன். மிஷின் பத்திரமாக இருக்கிறது, கோணி போட்டு மூடி வைத்திருக்கிறேன், இரண்டு பேரிடம் கேட்டேன், ரயிலில் தூக்க முடியாது என்கிறார்கள் என்று பதில் வந்தது. அதில் பனங்கிழங்கு நன்றாக இருந்ததாக மகள் சொன்னதாகவும் எழுதியிருந்தது. அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "வரவழைக்கலாம். தீபாவளி போகட்டும், இப்பக் கை இறுக்கமா இருக்கு" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்த வீட்டில் ஒவ்வொரு மாசமும் கை இறுக்கமாகத்தான் இருந்தது. தீபாவளி போயிற்று. நான் ஞாபகப்படுத்தவில்லை.

மதினி என்னைப் புரிந்துகொண்டவள். ஒரு நாள் அவளே சொன்னாள். "நீ வாய் தொறந்து கேக்க மாட்ட. மாசம் பொறந்ததும் மொளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால கொஞ்சம் காசு வைக்கிறேன். ஒனக்கு வேணுங்கிறப்ப எடுத்துக்க. எங்கிட்டச் சொல்லக்கூட வேண்டாம்."

அதைவிட மரியாதையாக யாரும் எனக்கு எதுவும் கொடுத்ததில்லை. முதல் மாசம் நான் தொடவில்லை. இரண்டாம் மாசம் பார்த்தால், பழைய காசு அப்படியே இருக்க, அதன் பக்கத்தில் புதுக் காசும் இருந்தது. மூன்றாம் மாசம் என் சோப்பு கரைந்து விரலில் ஒட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. மதினி பின்பக்கம் துணி உலர்த்தப் போகிற வரை காத்திருந்தேன். போனதும், டப்பாவைச் சத்தம் வராமல் நகர்த்தி, இரண்டணாவை எடுத்து, டப்பாவைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.