பன்றிகளுக்கும் பண்ணைக்காரருக்கும் ஒரே இருமல்

பட்டான்செருவைத் தாண்டி இருந்த ஒரு பன்றிப் பண்ணைக்கு நான் கால்நடை மருத்துவராகப் போய்வந்துகொண்டிருந்தேன். பண்ணைக்காரர் செகந்திராபாத்தில் பல தலைமுறையாக வாழும், பேச்சில் ஊர் உருது கலந்துவிட்ட தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். எப்போதும் கேட்டுக்கே வந்து என் பையை வாங்கிக்கொள்பவர், அந்த மழைக்காலக் காலையில் தீவனக் கொட்டகையோரமாக ஒதுங்கி நின்றார். கேட்டைத் திறந்தது அவர் மனைவி.

உள்ளே, தீவனம் கொட்டியும் தாய்ப்பன்றிகள் எழுந்திருக்கவில்லை. ஒன்று இருமினால் அடுத்ததும் இருமியது.

“எப்பலேர்ந்து இப்படி?”

“நேத்துதான் டாக்டரம்மா. மழைச் சாரல் அடிச்சிருச்சு,” என்றார் தூரத்திலிருந்தே.

நான் நம்பவில்லை. மூக்கைச் சுற்றிக் கெட்டியாகக் காய்ந்திருந்த சளி ஒரே நாளில் வந்ததல்ல. மாதிரி எடுக்கப் பஞ்சுக்குச்சியைப் பிரித்ததும் அவர் குரல் உயர்ந்தது.

“அது கைக்கு? எதுக்கு அதெல்லாம்? ஊசி போட்டா போதாதா? லேபுக்குப் போச்சுன்னு தெரிஞ்சா கறிக்கடைக்காரன் ஒருத்தனும் வரமாட்டான்.”

சொல்லி முடிப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். நீளமான இருமல்.

“உங்களுக்கு ஜுரமா?”

“நக்கோ நக்கோ. தவிட்டுத் தூசி.”

நான் அவர் மனைவியைப் பார்த்தேன். தொட்டி கழுவிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, “ஹவ், ஜுரம்தான். போன வாரத்துலேர்ந்து. படுங்கன்னா கேக்காம தெனம் கொட்டாய்க்குள்ள போறாரு,” என்றார்.

“பன்னிங்க இரும ஆரம்பிச்சது அதுக்கு முன்னாடியா, அப்புறமா?”

யோசித்தார். “அதான் தெரியல.”

இது ஃப்ளூவாக இருந்தால் மனிதரிடமிருந்து பன்றிக்கும் பன்றியிடமிருந்து மனிதருக்கும் தாவக்கூடியது, தாவும்போது புது மாதிரியாக மாறிவிடுமோ என்பதுதான் பயம் என்று விளக்கினேன். பண்ணைக்காரர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

“அப்ப நான்தான் குடுத்தேங்கறீங்களா? நீங்க ஊர்ல இருக்கற பண்ணையெல்லாம் சுத்திட்டு வர்றீங்க. நீங்க கொண்டாரலைன்னு என்ன கேரண்டி?”

சுருக்கென்றது. பண்ணைக்குப் பண்ணை மேலங்கி மாற்றுகிறேன், பூட்ஸை மருந்துத் தண்ணீரில் கழுவுகிறேன். ஆனால் அதை அவர் பார்த்ததில்லை. அவர் பேச்சை நான் நம்பாதபோது என் பேச்சை அவர் ஏன் நம்ப வேண்டும்?

“சரி, என் மூக்குலயும் எடுக்கச் சொல்றேன். நீங்களும் ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

வந்தார். முகக்கவசத்தோடு, காரின் ஜன்னல்களையெல்லாம் இறக்கிவிட்டு.

முடிவு வந்தபோது பன்றிகளுக்கும் ஃப்ளூ, அவருக்கும் ஃப்ளூ. எனக்கு இல்லை. என் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், தேதியைக்கூட விடவில்லை. யார் யாருக்குக் கொடுத்தது என்று மட்டும் எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை.

இருமல் நிற்கும்வரை பண்ணையிலிருந்து ஒரு பன்றியும் வெளியே போகக்கூடாது, குணமாகும்வரை அவர் உள்ளே போகக்கூடாது என்றேன். மனைவிதான் முகக்கவசமும் கையுறையும் போட்டுத் தீவனம் வைத்தார். ஒரு தாய்ப்பன்றிக்குக் கரு கலைந்தது. மற்றவை தேறின. அவரும் தேறினார்.

அடுத்த முறை போனபோது கேட்டில் புதுப் பூட்டு. வெளியாட்களுக்கென்று தனி பூட்ஸ் வாங்கி வைத்திருந்தார்.

“தும்மல், இருமல் ஏதாச்சும் இருக்கா டாக்டரம்மா?”

“இல்லையே.”

இருந்தாலும் காய்ச்சல் பார்க்கும் கருவியை என் நெற்றிக்கு நேராகப் பிடித்தார். எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பூட்டைத் திறந்தார்.

“நீங்க பாத்துக்கிட்டீங்களா?”

“காலைலயே பாத்தாச்சு.”

நான் கையை நீட்டிக் கருவியை வாங்கி, அவர் நெற்றிக்கு நேராகப் பிடித்தேன்.