பெரியப்பாவும் என் சாப்தேயும்

எனக்குப் பத்து வயதில் பெரியப்பாவுக்கு இடது கால் இழுத்துக்கொண்டது. முப்பது வருஷம் எஸ்டேட் ஆபீஸில் கிராணியாகக் கணக்கெழுதி, அடுத்தவர்களுக்கு வேலை சொல்லியே பழகியவர். ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து, தினமும் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் காலை இருபது தடவை தூக்கச் சொன்னாள். அம்மாவுக்குப் பாயான் பாரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை, அப்பா வர இருட்டிவிடும். எண்ணித் தாளில் டிக் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவில் படிகளைச் சொந்தக் காலில் ஏறுவதாகப் பெரியப்பா வேண்டிக்கொண்டிருந்தார். ஆனாலும் ஏழாவது தடவையிலேயே முகம் கடுத்துவிடும். எனக்கோ வெளியே பிள்ளைகளின் சத்தம் கேட்கக் கேட்க இருப்புக்கொள்ளாது.

"போதும்லா பாப்பா. இருவதுன்னு போட்டுட்டு விளையாடப் போ."

பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். போட்டுவிட்டு ஓடிவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் என் சாப்தே காணாமல் போனது. ரப்பர் வட்டில் கோழி இறகு செருகி, கீழே விழாமல் காலால் தட்டித் தட்டி விளையாடுவோமே, அதுதான். வீட்டையே புரட்டிப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து மிஸ்ஸி பெரியப்பாவின் காலை அமுக்கிப் பார்த்து, நல்ல பலம் வந்திருக்கிறது என்று தாளையும் என்னையும் மெச்சினாள். டிக் போட்டாலே கால் தேறிவிடும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விளையாட்டில் சண்டை போட்டுக்கொண்டு சீக்கிரமே திரும்பினேன். பின்சந்தில் பெரியப்பா, கைலியை மடித்துக் கட்டி, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி என் சாப்தேயைத் தட்டிக்கொண்டிருந்தார். குனிந்து எடுக்க முடியாதென்று அதில் நூல் கட்டி நுனியை விரலில் சுற்றியிருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்காத யோசனை.

"ஆறு! நேத்து நாலுதான் பாப்பா!" வேர்த்து வழியச் சிரித்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "அது என்னோடது!"

"அப்பாகிட்ட சொல்லிடாதே. தைப்பூசத்துக்குள்ள பத்து வந்துடும்."

அன்றைக்கே சொல்லிவிட்டேன், பொய் டிக்குகளை மட்டும் விட்டுவிட்டு.

"விழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டா யாருண்ணே பாக்கிறது? இந்த வயசுல வெளையாட்டா?" என்று அப்பா சத்தம் போட்டார். பின்கதவுக்குப் பூட்டு வந்தது. சாப்தே என் கைக்கு வந்தது.

அதன்பின் பெரியப்பா சுவரைப் பார்த்தபடி இருபது தடவையும் தூக்கினார். நானும் கறாராக எண்ணினேன். தை பிறப்பதற்குள் கால் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. வயசு அப்படி என்றார்கள்.

தைப்பூசத்தன்று அவர் அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டார். படியேறும்போது அப்பாவிடம் சொன்னேன்:

"நான் ஒரு நாள்கூட விடலப்பா. இருவதும் எண்ணிட்டுத்தான் அவர எந்திரிக்க விட்டேன்."

அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். எனக்கு அவ்வளவு பெருமை.