அரைநாள் டாக்டரின் மதியம்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன கிளினிக்கில் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை கவிநிலாதான் டாக்டர். சாயந்தரம் பெரிய டாக்டர் வந்துவிடுவார். எம்.பி.பி.எஸ். முடித்த பெண் அரைநாள் வேலை போதும் என்று கேட்டு வாங்கியதற்கு ஒரே காரணம், மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு. போன வருஷம் கோட்டை விட்டாயிற்று. இந்த முறை இன்னும் நாற்பது நாள்தான் இருக்கிறது. மதியம் முழுக்கப் படிப்பு என்பது திட்டம்.

அதில் அவள் செய்த ஒரே தவறு, திட்டத்தை அம்மாவிடம் சொன்னது.

அவர்கள் ஊரான அடி அண்ணாமலையில், தங்கள் தெருவின் முதல் டாக்டர் தன் மகள் என்பதில் ரேணுகாம்பாளுக்கு இருந்த பெருமை வீட்டுக்குள் அடங்கக்கூடியது அல்ல. "மதியானத்துல பொண்ணு வீட்லதான் இருக்கும். வாங்க, பாக்கச் சொல்றேன்" என்று பால் சொசைட்டியில் அறிவித்துவிட்டாள். அங்கே சொன்ன சேதிக்கு மைக் செட் தேவையில்லை.

அன்றிலிருந்து கவிநிலா புத்தகத்தைத் திறந்தால் யாராவது கதவைத் திறந்தார்கள். எதிர்வீட்டு வேடியப்பன், கீழ்பென்னாத்தூர் மச்சானின் முட்டி எக்ஸ்ரேவோடு வந்தார். மச்சான் வரவில்லை, முட்டி வலிக்கிறதாம். இன்னொருவர், பெரிய டாக்டர் எழுதிய சீட்டைச் சரிபார்க்கக் கொண்டுவந்தார்.

பக்கத்துத் தெரு மணிவேல் போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"மாமா, இது கன்னுக்குட்டி."

"தெரியும் பாப்பா. ரெண்டு நாளா கழியுது."

"மாட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க."

"அவரு மதியானத்துல தூங்குவாரும்மா. தொந்தரவு பண்ணக் கூடாதில்ல?"

கவிநிலா அம்மாவைத் தேடினாள். அம்மா வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"ம்மா, இந்தத் தடவையும் சீட் கெடைக்கலன்னா என்ன பண்ணுவ?"

"ஏன் கெடைக்காது? இவ்ளோ பேரைப் பாக்குற, அனுபவம் ஜாஸ்தியாகுதில்ல?"

பதினோரு நாளில் அனுபவம் ஏகத்துக்கும் கூடிவிட்டது. இதயம் பற்றிய பாடத்தில்தான் நாலு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஒரு மணி அடித்தும் அவள் கிளினிக் நாற்காலியை விட்டு எழவில்லை. சாப்பிடக் கிளம்பிய நர்ஸிடம் சொன்னாள்:

"வேதாக்கா, ஷட்டரை இழுத்து விட்டுட்டுப் போங்க. சாயந்தரம் வந்து தூக்கினா போதும்."

"ஏன் மேடம், வீட்ல சண்டையா?"

"வீட்ல கிளினிக் நடக்குதுக்கா. இதுதான் வீடு மாதிரி இருக்கு."

வேதா சிரித்தபடி ஷட்டரை இழுத்துவிட்டுப் போனாள். இரண்டு மணிக்கு அம்மா போன் செய்தாள்.

"எங்கடி இருக்க? ஏழு பேரு உக்காந்துனு இருக்காங்க."

"கிளினிக்ல. எல்லாரையும் இங்க அனுப்பு, பாக்குறேன்."

"நெஜமாவா?"

"நெஜமாதான். இங்க பீஸ் நூத்தம்பது. எடுத்துனு வரச் சொல்லு."

அம்மா அதை அப்படியே உரக்கச் சொல்வது போனில் கேட்டது. பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம்.

"என்னம்மா ஆச்சு? கெளம்பிட்டாங்களா?"

"கெளம்பிட்டாங்க." அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "அவங்கவங்க வீட்டுக்கு. எல்லாருக்கும் இப்ப பரவாயில்லையாம்."

டாக்டரான பிறகு கவிநிலா ஒரே மதியத்தில் ஏழு பேரைக் குணப்படுத்தியது அதுதான் முதல் முறை. அதைக் கொண்டாட அவளுக்கு நேரமில்லை. சாயந்தரம் வேதா வந்து ஷட்டரைத் தூக்கியபோது இதயம் முடிந்து, நுரையீரல் தொடங்கியிருந்தது.