ஞாயிற்றுக்கிழமைக்குப் பதின்மூன்று பேர்

பாரிசில் எங்கள் தமிழ்க்கடைத் தெருவான ரூ காயில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. உணவகமொன்றில் சமைக்கிறேன் என்பதை எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கிழமையில் இரண்டு மாலை புறநகர் மைதானத்துக்குப் போய், வளர்ந்த மனிதர்களை ஓடவிட்டு விசில் ஊதுகிறேன் என்று சொன்னால்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள். நான் ரக்பி பயிற்றுநர் என்று ஒருநாள் தேநீர்க்கடைக்காரரிடம் வாய்விட்டேன்.

“எத்தினை பேர் விளையாடுறது?” என்று கேட்டார்.

“பதின்மூண்டு.”

“ரக்பி எண்டால் பதினைஞ்சு பேரெல்லோ. ரீவியிலை பாத்தனான். உங்கடை ரெண்டு பேருக்கு இன்னும் விசா கிடைக்கேல்லையோ?”

கடையில் நின்றவர்கள் தேநீரைச் சிந்திச் சிந்திச் சிரித்தார்கள். ரக்பியில் இரண்டு வகை உண்டு. ஒரே குடும்பம், பழைய சண்டையில் பிரிந்தது. பெரிய வீடும் தொலைக்காட்சியும் பதினைந்துபேர்காரருக்குப் போய்விட்டன. பின்வளவு எங்களுக்கு. எங்கள் ஆட்டத்தில் பந்தோடு ஓடுபவனை விழுத்தினால் அவன் எழும்பி, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டி, தன் ஆட்களுக்கே கொடுக்கலாம். ஆறாவது தரமும் விழுத்திவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். இதையெல்லாம் அவருக்கு விளக்கினேன்.

அவர் சீனியைக் கலக்கிக்கொண்டே, “அப்ப ஆறுதரம் அடிபட்டு விழுந்திட்டு, பந்தை அவங்களிட்டையே குடுக்கிறியள். முதலே குடுத்துப்போட்டு வீட்டை வரலாமே” என்றார்.

எத்தனையோ வருணனையாளர்களைக் கேட்டிருக்கிறேன். எங்கள் அணியின் ஆட்டத்தை இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் சொன்னதில்லை.

நான் இந்த விளையாட்டுக்குள் வந்தது உருளைக்கிழங்கால். வந்த புதிதில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் தலைமைச் சமையற்காரர் தெற்குப் பிரான்ஸ்காரர். அந்தப் பக்கத்தில் பதின்மூன்றுபேர் ரக்பிக்கு மதிப்பு அதிகம். சரக்கு லொறி வந்த ஒரு காலையில், மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழியில் நின்ற இரண்டு பேரை விலத்தி நான் ஓடியதை அவர் கண்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பாரிசில் ஒரு தமிழன் அந்தக் கேள்விக்கு அப்படிப் பதில் சொல்லக்கூடிய காலம் மிகச் சிறியது. அதற்குள் கேட்டது அவருடைய அதிர்ஷ்டம்.

என்னை மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தினார்கள். ஓரத்தில் நிற்பவனுக்குப் பந்து எப்போதாவதுதான் வரும், வந்தால் ஓடவேண்டும். பின்னால் வருகிறவன் ஒவ்வொருவனும் குளிர்சாதனப் பெட்டி அளவில் இருந்தான். நான் பயந்து ஓடினேன். வேகம் என்று பாராட்டினார்கள். பல வருடம் இந்தப் பெயரோடு காலம் தள்ளினேன். கடைசியில் ஒருநாள் முழங்கால் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் திரும்பினோம். விளையாட முடியாதவனை வைத்து என்ன செய்வதென்று கழகத்துக்குத் தெரியவில்லை. பயிற்றுநர் ஆக்கிவிட்டார்கள்.

சம்பளம் கிடையாது. முதுகில் பெரிய எழுத்தில் ‘பயிற்றுநர்’ என்று பிரெஞ்சில் அடித்த மேற்சட்டை ஒன்று தந்தார்கள். ஆடி மாத வெயிலிலும் அதைப் போட்டுக்கொண்டு முருங்கைக்காய் வாங்கப் போனேன். கடையில் ஆட்கள் கூடுகிற பக்கத்துக்கு முதுகைத் திருப்பி நின்றேன். “முருங்கைக்காயைப் பாத்து எடுங்கோப்பா. முத்தல் வாங்கினால் முதுகைத்தான் சமைக்கவேணும்” என்றாள் மனைவி. சொல்லட்டும். இந்த நகரத்தில் இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

எனக்குக் கிடைத்தது கழகத்தின் கடைசி அணி. அதில் சேர உள்ளூர் இளைஞர்கள் விரும்பவில்லை. சரி என்று எங்கள் ஆட்களைக் கொண்டு நிரப்பினேன். சமையலறைக்காரர், லொறிக்காரர், மரக்கறிப் பெட்டி இறக்குபவர். உடற்பயிற்சிக்கூடத்துக்குக் காசு கட்டுகிறவன் பார்த்துப் பெருமூச்சு விடும் தோள்கள். அடி வாங்கப் பயமில்லை, மழை குளிர் என்று முறைப்பாடில்லை. ஒரேயொரு குறை, ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன.

பாரிசில் எங்கள் சனத்தின் ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குச் சொந்தமில்லை. கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீட்டு முப்பத்தொன்று, ஊர்ச்சங்க ஒன்றுகூடல், மச்சானின் சகலனின் புதுக்கடைத் திறப்பு. நீ போகாவிட்டால் உன் வீட்டுக்கும் அவர்கள் வரமாட்டார்கள். காலை ஆனதும் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். “அண்ணை, ஓல்னேயிலை ஒரு விசேசம். முகத்தைக் காட்டிப்போட்டு ஓடிவாறன்.” காட்டப்போனவன் அந்த முகத்தை எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் காட்டுவான். அதுவும் கேசரிப் பொட்டலத்தோடு.

இப்படி ஆள் சேராமல் ஒரு ஆட்டம் போனது. பிறகு இன்னொன்றும் போனது. கழகக் குழுவில் ஒரு பாண்டிச்சேரிக்காரர் இருந்தார். தபால் இலாகாவில் இருந்து ஓய்வுபெற்றவர், விதிமுறைப் புத்தகத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறவர். என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, ரெண்டு தடவ ஆள் வராம ஃபோர்ஃபே ஆயிடுச்சு. மூணாவது தடவையும் ஆள் வரலன்னா டீமையே எடுத்துடுவாங்க. டீம் இல்லன்னா கோச் எதுக்கு? அந்தச் சட்டையையும் திருப்பிக் கேப்பாங்க, அது கழகத்துச் சொத்து.”

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. அன்று மாலையே எங்கள் முன்வரிசையில் நிற்கும் பெரிய உடம்புக்காரன் வெட்கப்பட்டுக்கொண்டு வந்தான். வன்னிப் பக்கத்தவன், ரொட்டி விநியோகிக்கும் லொறி ஓட்டுபவன். அவனுடைய மகனுக்கு முதலாவது பிறந்தநாள்.

“அண்ணை, குறை நினைக்கக்கூடாது. அதே ஞாயிறுதான். ரீமிலை எல்லாருக்கும் சொல்லியாச்சு. நீங்களும் அக்காவும் கட்டாயம் வரவேணும்.”

எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும். மூளைதான் முந்திக்கொண்டது. என் பதின்மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே இடத்தில் நிற்கப்போகிறார்கள். எங்கே என்பதுதான் பிரச்சினை. “மண்டபம் எடுத்தாச்சோ?” என்று கேட்டேன். இன்னும் தேடிக்கொண்டிருந்தான். எங்கள் மைதானத்து வேலிக்கு மற்றப்பக்கம் நகரசபை மண்டபம் ஒன்று இருந்தது. பாண்டிச்சேரிக்காரர் நகரசபையில் போய்ப் பேசி அதை எடுத்துக்கொடுத்தார். மதியம் கேக் வெட்டுவது, படம் எடுப்பது. பிறகு வேலியைத் தாண்டி வந்து விளையாடுவது. திரும்பிப்போய்ச் சாப்பிடுவது. “ஆட்டம் முடியிற வரைக்கும் ஒருத்தரும் சாப்பிடக்கூடாது” என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

“ஓம் அண்ணை” என்றான். எங்கள் ஆட்களின் ‘ஓம்’, சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு மட்டும் உறுதி. நான் அதை மறந்துவிட்டேன்.

பிறந்தநாள்காரன் மின்சார மோட்டார் காரில் ஊர்வலமாக வந்தான், நல்ல நித்திரையில். மேலே ஒரு டிரோன் சுற்றியது. மண்டபத்து வாசலில் செயற்கைப் பனி கொட்டியது. விளையாட்டுக் காற்சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு என் ஆட்கள் வரிசையில் நின்று படம் எடுத்தார்கள். எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த நேரம் பார்த்து எதிரணியின் பஸ் வந்து நின்றது. நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டார்கள். பெரிய பெரிய ஆட்கள் வேலியோரம் நின்று மண்டபத்துப் பக்கம் மூக்கைத் தூக்கி மணந்தார்கள்.

முன்வரிசைக்காரன் அதைக் கண்டுவிட்டான்.

“அண்ணை, வாசலுக்கு வந்தவங்களை வெளியிலை விட்டிட்டு நாங்கள் உள்ளுக்கு நிக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?”

“தம்பி, அது எதிரணி.”

“எதிரணிக்கு வயிறில்லையோ?”

இதற்குப் பயிற்சி நெறியில் பதில் சொல்லித் தரவில்லை. எதிரணி உள்ளே வந்தது. இறைச்சி ஹலாலா என்று ஒருவன் கேட்டான். லா ஷப்பல் ஹலால் கடையில் வாங்கியதுதான் என்று ஐந்து பேர் ஒரே நேரத்தில் சத்தியம் செய்தார்கள். ஆட்டிறைச்சிப் புரியாணி, ரோல்ஸ், கத்தரிக்காய்ப் பொரியல். போதும் என்று கோப்பையைக் கையால் மறைத்தால் எங்கள் பெண்கள் அதை மறுப்பாக எடுப்பதில்லை. பண்பான பிள்ளை, கூச்சப்படுகிறது என்று எடுத்து இன்னும் இரண்டு கரண்டி போடுவார்கள். விருந்தாளியைத் தனியே சாப்பிட விடுவதும் மரியாதையில்லை என்று என் பதின்மூன்று பேரும் பக்கத்தில் அமர்ந்துவிட்டார்கள். அதற்குள் நடுவர் வந்தார். மெலிந்த மனிதர், தூரத்தில் இருந்து வந்தவர். அவரைப் பாண்டிச்சேரிக்காரருக்குப் பக்கத்தில், பெரியவர்களின் மேசையில் இருத்தினார்கள். அவர் மூன்றாவது தரம் வாங்கும்போது நான் வெளியே போய்விட்டேன்.

அன்றைய ஆட்டத்தை விபரிக்க அதிகமில்லை. விழுந்தவர்கள் எழும்ப அவசரப்படவில்லை. விழுத்தியவர்கள் அவர்கள்மேல் சாய்ந்தபடி ஓய்வெடுத்தார்கள். நடுவர் நடுக்கோட்டில் ஒரு கையை வயிற்றில் வைத்து நின்று, பந்து எங்கே இருந்தாலும் அங்கிருந்தே ஊதினார். பட்டுச்சேலைகளும் கோட்டுகளும் வேலியோரம் வரிசையாக நின்று, யார் விழுந்தாலும் கைதட்டின. எதிரணியில் ஒருவன் மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டு, பந்தி முடிந்தபிறகு வந்தவன். இரண்டாம் பாதியில் பந்து அவன் கைக்குப் போனது. அவன் ஓடினான். துரத்த ஒருவருமில்லை. என் முன்வரிசைக்காரன் இடுப்பில் கைவைத்து நின்று, அவன் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை வைப்பதைப் பார்த்தான்.

“பாவம் அண்ணை. வெறுவயித்தோடை ஓடுறான்” என்றான்.

தோற்றோம். இருந்தும் எங்கள் அணி அவ்வளவு கிட்ட வந்து தோற்றது அதுதான் முதல்தரம். ஆள் சேர்ந்தது, ஆட்டம் நடந்தது என்று நடுவர் ஒப்பமிட்டார். ஒப்பமிட்ட கையில் ஒரு ரோல்ஸ் இருந்தது.

அடுத்த கிழமை குழுக் கூட்டம். சட்டையைக் கழுவி மடித்துப் பையில் கொண்டுபோனேன், எதற்கும் இருக்கட்டும் என்று. முடிந்ததும் பாண்டிச்சேரிக்காரர் வெளியே வந்து என் தோளில் கைவைத்தார்.

“டீம் இருக்கு தம்பி. மத்த கிளப்பெல்லாம் எழுதிக் கேக்கறாங்க, உங்க டீமோட ஆட்டத்த இங்கதான் ஆடணுமாம். அங்க கூப்புட்டா வேணாங்கறாங்க.”

“என்ரை பயிற்சியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ, ஐயா?”

“சொல்லாம? கத்திரிக்காய்ல என்ன போடறீங்கன்னு கேட்டாங்க.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் நிபந்தனைகளை விதித்தாள். இனி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சமைப்பது நான், அவள் வந்து பார்ப்பாள். புரியாணிக் கிடாரம் கழுவுவது இரண்டு அணியும். விசில் ஊதி ஆட்டம் முடியும்வரை மூடி திறக்கப்படாது, நடுவருக்கும் கிடையாது. நான் சொன்னால் ‘ஓம்’ என்றுவிட்டுப் போகிறவர்கள், அவள் சொன்னபோது சத்தம்போடாமல் தலையாட்டினார்கள்.

அதன்பிறகு ஆள் சேராமல் எங்கள் ஆட்டம் ஒன்றும் நின்றதில்லை. மற்ற விசேசங்களுக்கு என் ஆட்கள் இப்போது சனிக்கிழமையே போய் முகத்தைக் காட்டிவிடுகிறார்கள். தோல்விகள் மட்டும் பெருத்துவிட்டன. எதிரணி வெறுவயிற்றோடு மின்னல் மாதிரி ஓடுகிறது. எங்கள் ஆட்களும் ஓடுகிறார்கள், கண் மட்டும் மைதானத்தின் ஓரத்தில். அங்கே மனைவி கதிரை போட்டு, கிடாரத்து மூடிமேல் ஒரு கையை வைத்தபடி இருக்கிறாள்.

“பந்தைப் பாருங்கோடா” என்று நான் கத்துகிறேன்.