மூடக்கூடாத துளை

"வயர் கலரைப் பாத்து மாட்டுறது வேற, பாப்பா. பறக்கலாம்னு கையெழுத்துப் போடுறது வேற."

முதல் பறப்புக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த விமானி, என் கையிலிருந்த சோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார். நான் பாப்பா இல்லை என்றேன். அவர் காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு பேர் உட்காரக்கூடிய அந்தச் சின்ன விமானம் காரைக்கால் பக்கத்து நெரவியில் ஒரு பழைய நெல் கிடங்குக்குள் உருவானது. துபாயில் பல வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பிய ஒருவர், பாகங்களைப் பெட்டி பெட்டியாகத் தருவித்துத் தன் கையால் கட்டினார். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நான் டிப்ளமோ முடித்துவிட்டு விழிதியூரிலிருந்து ஸ்கூட்டியில் போய் அவரிடம் வேலை கேட்டபோது, என்ஜின் மூன்று நாளாக இருமிக்கொண்டிருந்தது. கார்புரேட்டரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்கள். நான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். ஈரக் கரி அப்பியிருந்தது. கேனிலிருந்த பெட்ரோலை விரலில் தொட்டுத் தேய்த்தேன், வழுக்கியது. துறைமுகத்திலிருந்து உதவிக்கு வந்த படகு மெக்கானிக், படகு என்ஜினுக்குக் கலக்குகிற பழக்கத்தில் இதற்கும் ஆயில் கலந்து வைத்திருந்தார். டேங்கைக் காலி செய்து, புது பெட்ரோல் ஊற்றி, பிளக்கை மாற்றியதும் சத்தம் சீரானது.

"நாளைலேருந்து வந்துடு தங்கச்சி" என்றார் பாய்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா குத்தகை நிலத்தில் நாற்று நட்டு என்னை வளர்த்தவர், கைநாட்டு. இதை நான் எங்கும் மறைத்ததில்லை, தலையைக் குனிந்து சொன்னதும் இல்லை.

விமானத்தை லாரியில் ஏற்றி வெளியூர் ஓடுதளத்துக்குக் கொண்டுபோக வேண்டிய நாள் ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்தது. கிடங்கு வாசலில் லாரி நின்றது. நான் கடைசியாக ஒருமுறை சோதித்துத் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் இறக்கைகளைக் கழற்றி ஏற்றலாம் என்பது பாய் வைத்த விதி. விமானி காலையிலேயே விமானத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை எல்லாம் முடிந்துவிட்டது.

தினமும் காலையில் உயரமானியின் முள் எங்கே நிற்கிறது என்று நோட்டில் குறித்துவைப்பேன். விமானம் தரையைவிட்டு அசையாவிட்டாலும் அந்த முள் அசையும். அது காற்றின் அழுத்தத்தைத்தான் உயரமாகக் காட்டுகிறது. அழுத்தம் குறைந்தால் மேலே ஏறும். அன்று வங்கக்கடலில் தாழ்வு மண்டலம். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். முள் நூறு அடியாவது ஏறியிருக்க வேண்டும். முந்தின நாள் காலையில் குறித்த இடத்திலேயே நின்றது.

"முள்ளு ஆடாம நிக்குதுன்னா சந்தோசப்படு" என்றார் விமானி. விரல் நுனியால் கண்ணாடியைத் தட்டினார். முள் அசையவில்லை.

"இது நிக்கக் கூடாது சார். வெளிக்காத்து உள்ள போகல."

"மழை இறங்கிட்டா ரோடு நாசம். ஓடுதளம் மறுபடி எப்பக் கெடைக்குமோ. பாய், நீங்க சொல்லுங்க."

பாய் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அங்க போய்ப் பாத்துக்கலாமா தங்கச்சி?"

"மாட்டேன் பாய். இப்படியே ஏறுனா உயரம் காட்டாது. வேகத்தையும் கொறச்சுக் காட்டும். வேகம் பத்தலன்னு சார் மூக்கைக் கீழ அழுத்துவாரு. நான் கையெழுத்துப் போடல."

"எத்தன மணி நேரம் ஓட்டிருக்கேன்னு தெரியுமா ஒனக்கு?" என்றார் விமானி.

"தெரியாது சார். இந்த முள்ளுக்கும் தெரியாது."

பாய் லாரி டிரைவரிடம் போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். எனக்கு அது போதும்.

கருவிப் பலகைக்குப் பின்னால் தலையை விட்டு, வெளிக்காற்றை உயரமானிக்குக் கொண்டுவரும் குழாயின் வடிகால் முனையில் சிரிஞ்சைச் செருகி மெல்ல இழுத்தேன். விமானத்தின் பக்கவாட்டில் அந்தக் குழாய் முடிகிற துளைவரை வழி திறந்திருந்தால் முள் அசையாது. அசைந்தது, ஏறிய இடத்திலேயே நின்றும் கொண்டது. வழி எங்கோ அடைத்திருந்தது. அந்தக் குழாயைப் போட்டவள் நான்தான். எங்கோ மடங்கிவிட்டது என்று நினைத்து, அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். மடிப்பே இல்லை. பிறகுதான் வெளியே வந்து விமானத்தின் இடது பக்கத்தில் குனிந்தேன்.

ஊசி நுழைகிற அளவுக்கான அந்தத் துளையின்மேல் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

பூஜைக்கு எல்லோர் வீட்டாரும் வந்திருந்தார்கள். ஸ்பேனர், ட்ரில்லிங் மெஷின், என்ஜின் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு. விமானத்தின் இடது பக்கம் சந்தனக் கிண்ணத்தோடு போனது என் அப்பா. துளை கண்ணில் படவேண்டும் என்று அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, அருகில் மூடாதே என்று ஆங்கிலத்தில் எழுதியவள் நான். வெள்ளை உடம்பில் அளவாக ஒரு சிவப்பு வட்டம். பொட்டு வைக்க அதைவிட நல்ல இடம் எது?

ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்து, துளைக்குள் ஒரு துகளும் தங்காமல் சுத்தம் செய்தேன். முள் விருட்டென்று நகர்ந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

"அடைப்பு நீக்கப்பட்டதுன்னு எழுதி முடி" என்றார் விமானி. "வீட்டு ஆளுங்கள உள்ள விட்டா இப்படித்தான்."

"எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது சார். ஒங்களுக்குத் தெரியும். காலைல சுத்தி வந்தீங்க. அந்தப் பொட்டைத் தாண்டித்தான் போனீங்க."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

நடந்ததை முழுவதுமாக எழுதினேன். எதனால் அடைத்தது, யார் கை, எச்சரிக்கையை அங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்குப் புரியாத மொழியில் எழுதியது என் தவறு என்பது வரை. கையெழுத்துப் போட்டேன். தூறல் விழும்போது லாரி கிளம்பியது.

வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது.

"வட்டம் போட்டு வச்சிருந்துச்சேம்மா. பக்கத்துல என்னமோ எழுதியும் இருந்துச்சு."

"மூடாதேன்னு எழுதியிருந்தேன்ப்பா. இங்கிலீஷ்ல."

"அத ஒரு படமாப் போட்டிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்குமே" என்றார்.

மழை விட்டபின் விமானம் பறந்தது, நல்லபடியாக இறங்கியது. பறப்பதற்கு முன், ஓடுதளத்தில் உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் என் தாள்களைப் புரட்டிவிட்டுத் தன் பெயரில் கையெழுத்திட்டார். சட்டப்படி செல்லுபடியாவது அது ஒன்றுதான். நான் போடமாட்டேன் என்றபோது விமானம் நின்றது பாய் என்ற ஒரு மனிதரின் விதியால். வேறு கிடங்காக இருந்திருந்தால் என் பேச்சைத் தாண்டி லாரி போயிருக்கும்.

அப்படிக் கையெழுத்திடும் உரிமத்துக்கான தேர்வில் முதல் தாள் விமானச் சட்டம். போன செவ்வாய்க்கிழமை காரைக்காலில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, சான்றிதழ்களை ஏற்றி, விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்.