இரண்டில் ஒன்று பொய் என்றார்கள்

எழுபதுகளின் நடுவில், ஒரு ஜூலை மாதம் நடந்தது இது. நாங்கள் அப்போது ஆரணியில் இருந்தோம். வேலூரில் ஹாஸ்டலில் தங்கி பி.யு.சி. முடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். நல்ல மார்க். எங்கள் கல்லூரியில் உயிரியலில் நான்தான் முதல். டாக்டருக்குப் படிக்க மனுப் போட்டுவிட்டு, இன்டர்வியூ கார்டுக்காகத் தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நிற்பேன்.

அப்பா பட்டு நூலுக்குப் போடும் சாயப்பொடி விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். அவர் நகக்கண்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். தேவிகாபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் இருந்தது. நாங்கள் தமிழ் ஜைனர்கள். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் நெல்லும், மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர் செய்துகொண்டு எத்தனையோ தலைமுறையாக இருக்கிற குடும்பங்கள். வீட்டில் பேசுவது தமிழ், சண்டை போடுவது தமிழ், சாமி கும்பிடுவதும் தமிழ்தான். ஆரணிக் கடைத்தெருவில் அப்பாவை எல்லோரும் எங்கள் ஆட்களுக்கு உள்ள பட்டத்தைச் சொல்லி ‘நயினாரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஜைனர் என்றால் வடக்கேயிருந்து வந்த சேட்டு என்று எங்கள் ஊரில் யாரும் நினைத்ததில்லை. ஊரைத் தாண்டினால்தான் அந்தத் தொல்லை.

ஜூலை பாதி போய்விட்டது. கார்டு வரவில்லை. என்னோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த குடியாத்தத்துப் பெண் கடிதம் எழுதியிருந்தாள். அவளுக்குக் கார்டு வந்துவிட்டதாம், எனக்கு எந்தத் தேதி என்று கேட்டிருந்தாள். என்னைவிட அவளுக்கு மார்க் குறைவு. கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை, கடையைப் பூட்டிவிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் என்னைச் சென்னைக்கு அழைத்துப் போனார்.

எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. கம்பி போட்ட ஒரு ஜன்னல், அதன் முன்னால் எங்களைப் போல ஐம்பது அறுபது பேர். எங்கள் முறை வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. உள்ளே இருந்த குமாஸ்தா ஒரு கட்டைப் பிரித்து என் மனுவை எடுத்தார். அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி.

“மதம் ஜெயின்னு போட்டிருக்கு. தாய்மொழி தமிழ்னு போட்டிருக்கு. ரெண்டுல ஒண்ணு பொய்” என்றார்.

“ரெண்டும் நெஜந்தாங்க” என்றார் அப்பா.

“தமிழ் நல்லாத்தான் பேசறீங்க சேட்டு. எத்தினி வருஷமா இங்க இருக்கீங்க?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்துப் பேசினால் காரியம் ஆகிவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது. எனக்கு அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. தாசில்தார் கொடுத்த நேட்டிவிட்டி சர்டிபிகேட் மனுவோடு இணைத்திருக்கிறது என்று அப்பா காட்டினார். காசு கொடுத்தால் அமெரிக்காக்காரனுக்கும் அதைக் கொடுப்பார்கள் என்றார் குமாஸ்தா. மூன்று தலைமுறையாக அந்தக் கிராமத்தில் நிலம் இருக்கிறது என்று ஊர்க் கர்ணம் எழுதி, அதில் தாசில்தார் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவர வேண்டுமாம். அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் நான் வெடித்தேன். குமாஸ்தாவிடம் அல்ல, அப்பாவிடம். “இந்துன்னு எழுதியிருந்தா இந்நேரம் கார்டு வந்திருக்கும். எல்லாம் உன்னாலதான்” என்றேன். சுற்றி ஆட்கள் இருந்தார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

“எழுதியிருந்தா அதுதான் கண்ணு பொய்யி” என்றார்.

புதன்கிழமை காலையில் கிராமத்துக்குப் போனோம். கர்ணம் பழைய ரிஜிஸ்டர்களை எடுத்து என் தாத்தாவின் அப்பா பெயர்வரை பார்த்து எழுதிக்கொடுத்தார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் தாலுகா ஆபீஸில் தாசில்தார் இல்லை. கேம்ப் போயிருக்கிறார், சாயங்காலம் வருவார் என்றார்கள். வரவில்லை. வியாழக்கிழமை காலையிலும் வரவில்லை. எங்கே கேம்ப் என்று கேட்டால் ஆளுக்கு ஓர் ஊர் சொன்னார்கள். ஒரு டவாலிச் சேவகர் மட்டும் எங்கள் மேல் இரக்கப்பட்டு, “சந்தவாசல் பக்கம் போங்க, ஜல்தியா போனா புடிச்சிடலாம்” என்றார். பஸ் பிடித்து, இறங்கி விசாரித்து, வயல் வரப்பில் அரை மைல் நடந்து போய் அவரைப் பிடித்தோம். ஜீப் ஏறப் போனவரை அப்பா ஓடிப்போய் நிறுத்தினார். அப்பா ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

தாசில்தார் காகிதத்தைப் படித்துவிட்டு, “நயினாருங்களுக்கு நேட்டிவிட்டி கேக்கறாங்களா?” என்று ஜீப் டிரைவரிடம் கேட்டார், டிரைவருக்கு அதைப் பற்றி ஏதோ தெரியும் என்பது போல. ஜீப்பின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். சீல் தாலுகா ஆபீஸில் இருக்கிறது, தான் சொன்னதாகச் சொல்லி வாங்கிக்கொள்ளச் சொன்னார். திரும்ப ஓடி, ஆபீஸ் பூட்டுவதற்குள் சீலையும் வாங்கினோம்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு நாங்கள் அந்தக் கம்பி ஜன்னல் முன்னால் இருந்தோம். அதே குமாஸ்தா. அப்பா கொடுத்த காகிதத்தை அவர் பிரிக்கக்கூட இல்லை.

“லிஸ்ட் செவ்வாய்க்கிழமையே மேல போயிடிச்சே. அடுத்த வருஷம் பாருங்க.”

“வெள்ளிக்கிழமைன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றேன் நான்.

“அன்னிக்கு நீங்க நகர்ற மாதிரி தெரியல. அதான் சொன்னேன்” என்றார் அவர். கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னார். இத்தனை வருடம் கழித்து அந்த வாக்கியத்தை எழுதும்போதும் என் கை சூடாகிறது. மூன்று நாள் நாங்கள் அலைந்தது, அப்பா வரப்பில் ஓடியது, எல்லாம் ஜன்னலிலிருந்து எங்களை நகர்த்துவதற்காக.

அப்பா காகிதத்தைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். போகலாம் என்பார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை.

“அப்ப அதை எழுதிக் குடுத்துடுங்க” என்றார்.

“எதை?”

“மதம் ஜெயின்னும் தாய்மொழி தமிழ்னும் போட்டிருக்கு, அதனால இந்தப் பொண்ணு பொய் சொல்லுதுன்னு தள்ளிட்டோம்னு எழுதி, கையெழுத்து போட்டு சீல் வெச்சுக் குடுங்க. நாங்க போயிடறோம்.”

அப்படியெல்லாம் எழுதித் தரும் வழக்கம் இல்லை என்றார் குமாஸ்தா. அப்பா மறுபடி அதையே சொன்னார். சத்தம் போடவில்லை. நகரவும் இல்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். யாரோ ஒருவர், “சேட்டு, வழி விடுய்யா” என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “வாப்பா, எல்லாரும் பாக்கறாங்க” என்றேன். அவர் திரும்பவில்லை. நான் அவரை அங்கேயே விட்டுவிட்டு, சுவர் ஓரமாகக் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோடு வந்தவள் போலவே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு மணிக்குக் குமாஸ்தா ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார். அப்பா நின்றார். இரண்டேகாலுக்கு ஜன்னல் திறந்தது. அப்பா அங்கேயே இருந்தார். மற்றவர்கள் அவருக்குப் பக்கவாட்டில் கை நீட்டித் தங்கள் காகிதங்களைக் கொடுத்தார்கள்.

பெஞ்சில் என் பக்கத்தில் ஒருவர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு போட்ட விவசாயி. வெம்பாக்கத்திலிருந்து வந்திருந்தார். அவர் மகனுக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஓர் இனிஷியல், மனுவில் இரண்டு இனிஷியல், அதனால் தள்ளிவிட்டார்களாம். “அவரு உங்கப்பாவா?” என்று கேட்டார். தலையாட்டினேன். “இன்னாத்துக்கு நிக்கறாரு?” சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் அப்பா பக்கத்தில் நின்றார்.

“இவங்கள சேட்டுன்னு சொன்னா எங்க ஊர்ப்பக்கம் சிரிப்பாங்க சார்” என்றார் குமாஸ்தாவிடம். “எங்க பக்கத்து நெலமே நயினார் நெலந்தான். அவருக்கு எழுதிக் குடுங்க. எனக்கும் எழுதிக் குடுங்க. ஒரு இனிஷியலுக்காக எம் பையனைத் தள்ளிட்டீங்கன்னு எழுதுங்க.”

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. போட்டோவில் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஓர் அம்மா எழுந்து வந்து எனக்கும் வேண்டும் என்றார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். காலையில் ‘வழி விடுய்யா’ என்றவர்கூட வந்து நின்றார். யாரும் கத்தவில்லை. ஏழெட்டுப் பேர் ஜன்னலை அடைத்துக்கொண்டு, எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா எழுந்து உள்ளே போனார். நாலரை மணி வாக்கில் பெரிய அதிகாரி ஒருவர் வெளியே வந்தார். அப்போதுதான் நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன்.

அதிகாரி மரியாதையாகப் பேசினார். அப்பாவை உள்ளே வந்து உட்காரச் சொன்னார். “உக்கார வரலைங்க, எழுதிக் குடுத்தா போதும்” என்றார் அப்பா. அதிகாரி எங்கள் காகிதத்தை வாங்கிப் படித்தார், வெம்பாக்கத்துக்காரரின் காகிதத்தையும் படித்தார். திங்கட்கிழமை விட்டுப்போனவர்களுக்கென்று ஓர் இன்டர்வியூ இருக்கிறது, உங்கள் பெண்ணையும் இவர் மகனையும் அதில் சேர்க்கச் சொல்கிறேன் என்றார். நான் அழுதுவிட்டேன். அப்பா மட்டும் விடவில்லை.

“அந்தப் பேப்பருங்க?”

“அதான் இன்டர்வியூ குடுத்துட்டேனே. இன்னும் எதுக்குப் பேப்பர்?” என்று அதிகாரி சிரித்தார். வெம்பாக்கத்துக்காரர் அப்பாவின் தோளைத் தட்டி, “போதும் நயினாரே, பசங்க காரியம் ஆயிடிச்சு” என்றார். அப்பாவும் சரி என்றார்.

திங்கட்கிழமை போனேன். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். எனக்கு முன்னால் போன பெண்ணிடம் இருதயத்தின் அறைகளைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். நான் அதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என்னிடம் அவர்கள் கேட்டது வேறு.

“ஜெயினா? வீட்டுல என்ன பாஷை?”

“தமிழ் சார்.”

“நீங்கள்லாம் ராத்திரி சாப்பிட மாட்டீங்களாமே. நைட் டியூட்டி எப்படிப் பார்ப்பே?”

மூன்று பேரும் சிரித்தார்கள். “சாயங்காலமே சாப்பிட்டுட்டு வந்து பார்ப்பேன் சார்” என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. நடுவில் இருந்தவர் ஏதோ குறித்துக்கொண்டு, போகலாம் என்றார். இரண்டு நிமிடம் இருக்கும். உடம்பைப் பற்றியோ நோயைப் பற்றியோ ஒரு கேள்வி இல்லை.

இடம் கிடைத்தவர்களின் லிஸ்டில் என் பெயர் இல்லை. குடியாத்தத்துப் பெண்ணின் பெயர் இருந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவள் நல்ல டாக்டராகத்தான் வந்தாள். எனக்கு இன்டர்வியூவில் எத்தனை மார்க் போட்டார்கள் என்று கேட்டு அப்பா மூன்று கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. வெம்பாக்கத்துப் பையனுக்கு இடம் கிடைத்ததா என்று எங்களுக்குத் தெரியாது. அவர் முகவரியைக்கூட நாங்கள் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வருடமும் மனுப் போடச் சொன்னார் அப்பா. நான் மாட்டேன் என்றேன். பி.எஸ்ஸி. படித்தேன், பள்ளிக்கூட டீச்சர் ஆனேன். எண்பதுகளில் நுழைவுத் தேர்வு வந்தபோது என்னிடம் படித்த பிள்ளைகள் அதை நினைத்துப் பயந்தார்கள். எனக்கோ, பரீட்சைத் தாள் யாரையும் பார்த்து வீட்டில் என்ன பாஷை என்று கேட்காது, அதுவே போதும் என்றிருந்தது.

அப்பா கடைசிவரை ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். “அந்தப் பேப்பர வாங்கிகினு வந்திருக்கணும். அத எழுதக் கூடாதுன்னுதான் இன்டர்வியூன்னு ஒண்ணு குடுத்து அனுப்பிட்டாங்க. நாம ஏமாந்துட்டோம்.” அவர் சொன்னது சரி என்று இப்போது தெரிகிறது. நடந்ததெல்லாம் நல்லதுக்குத்தான், டீச்சராக எத்தனை பேரை உருவாக்கியிருக்கிறாய் என்று சிலர் என்னிடம் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு நடந்தது அநியாயம். அதற்கு நல்ல பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் குமாஸ்தா மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் ஒன்று என் மேலேயே இருக்கிறது. எனக்காக அத்தனை பேர் முன்னால் தனியாக நின்ற என் அப்பாவின் பக்கத்தில், முன்பின் தெரியாத ஒரு மனிதர் போய் நின்ற பிறகும் நான் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.