பெர்த்தைவிடப் பக்கத்தில் வந்த மெல்போர்ன்

டோம்னிகா மெல்போர்னைப் பெர்த்தைவிடப் பக்கத்தில் இழுத்துவிட்டாளாம். போன மாதம் எங்கள் பித்தோலா நகரத்தின் காபிக் கடைகளில் இதே பேச்சு. பேருந்து நிலையத்தை இரண்டு தெரு தள்ளி வைக்கவே எங்கள் நகராட்சியால் முடியவில்லை. எனவே நேரில் விசாரிக்கப் போனேன்.

டோம்னிகாவுக்கு எழுபத்தொரு வயது. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் உட்கார்ந்து, ஆஸ்திரேலியாவுக்குப் போன ஊரார் பிள்ளைகளின் குரலை ஊராருக்கு இணைத்துக் கொடுத்தவள். அவள் மகன் பொஷ்கோ மெல்போர்னில். மாடியில் குடியிருக்கும் தங்கை ஃபனியாவின் மகள் சிமோனா பெர்த்தில். சிமோனா கோடை தவறாமல் வந்துவிடுவாள். பொஷ்கோ வந்து ஆறு வருடம். கேட்டால், "எங்க ஊரு ரொம்பத் தூரம்மா" என்பான்.

அந்தத் தூரம் அவளை அரித்தது. பூகோள உருண்டை ஒன்று வாங்கி, ஸ்வெட்டர் நூலால் அளந்து வைத்திருந்தாள்.

"பாரு தம்பி, ஃபனியாவோடது பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் சொச்சம். என்னோடது பதினஞ்சாயிரம். பறக்குற நேரம் அவளுக்குப் பதினாறு மணி, எனக்கு இருபத்தொண்ணு. வித்தியாசம் அஞ்சே மணி நேரம். இதுக்கா ஆறு வருஷம்?"

"பக்கத்துல வந்துடுச்சுன்னு சொன்னீங்களாமே அக்கா?"

"வந்துடுச்சே! வர்ற வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கிளம்புறாங்க. அவ பொண்ணு மலிவா டிக்கெட் எடுத்திருக்கா, நடுவழியில ஒன்பது மணி நேரம் உக்காந்திருக்கணும். என் பையன் ரெண்டே மணி நேரத்துல விமானம் மாறிடுவான். நீயே கூட்டிப் பாரு."

கூட்டினேன். இருபத்தைந்து, இருபத்துமூன்று. வதந்தி உண்மைதான்.

மாடி ஜன்னல் திறந்தது. "என் பொண்ணுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தெரியும். உன் பையன் நம்ம வீட்டு வாசல் தெரியாம முழிக்கப்போறான், தெருவுல போய் நில்லு!"

பொஷ்கோ முந்தி வந்தான். அவன் வந்த மணியை டோம்னிகா தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். ஆனால் அவன் தங்கியது நான்கே நாள். சிமோனாவுக்கோ ஒரு மாத விடுப்பு. அதை ஃபனியா தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

பொஷ்கோ கிளம்பிய காலை நானும் இருந்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி, கார் நகர்ந்ததும் பெற்றவள் அதன் பின்னால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும். போகிறவன் பாதை தண்ணீர்போல் தடங்கலில்லாமல் ஓடும். டோம்னிகா குடத்தோடு நின்றாள். ஊற்றவில்லை. கார் தெருமுனையை எட்டிவிட்டது.

மாடியிலிருந்து சளாரென்று தண்ணீர் விழுந்தது.

"என் பையனுக்கு ஊத்த நீ யாருடி?"

"நீ சிலை மாதிரி நின்னா? காஞ்ச ரோட்டுலயா பிள்ளை போவான்?"

"ஊத்தினா சீக்கிரம் போயிடுவான்னு நின்னேன்டி!"

ஃபனியா காலிக் குடத்தை ஜன்னலுக்குள் இழுத்துக்கொண்டாள். டோம்னிகா விடவில்லை: "நீ எனக்கு ஒரு குடம் கடன். சிமோனா கிளம்புறப்ப நான்தான் ஊத்துவேன்."

சிமோனா வரும் செவ்வாய் கிளம்புகிறாள். ஃபனியாவைக் கேட்டேன். "யோசிக்கிறேன்" என்கிறாள்.